வெண்கலச் சிலையின் உட்புறத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

பொது இடங்களில் வெண்கலச் சிலைகளையும் சிற்பங்களையும் நிறுவ முடிவெடுக்கும் உள்ளாட்சி மன்றங்கள், நினைவுக் குழுக்கள், அறக்கட்டளைகள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வார்ப்புப் பட்டறையில் வேலை செய்பவன் என்பதால் நீங்கள் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சிலையின் உயரம் எவ்வளவு, முகச்சாயல் எந்தப் புகைப்படத்தை ஒத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக இருக்கும். திறப்பு விழாத் தேதி தடித்த எழுத்தில் இருக்கும். உலோகத்தைப் பற்றி மட்டும் ‘தரமான வெண்கலம்’ என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே தாங்கும் சட்டம் எதனால் ஆனது, உள்ளே இறங்கும் மழைநீர் எந்த வழியாக வெளியேறும், சிலையைப் பீடத்தோடு பிணைப்பது எது, நிறுவிய மறு ஆண்டு அதைக் கழுவி மெழுகு பூசப்போவது யார் என்பவை பற்றி ஒரு வரியும் இருக்காது. வெட்டவெளியில் நிற்கும் வெண்கலம் தலைமுறைகளைத் தாண்டுமா, பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே விரிசல் விடுமா என்பதைத் தீர்மானிப்பவை இந்த எழுதப்படாத வரிகள்தாம். அவற்றை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

வெண்கலம் காலத்தைத் தாங்கும் என்ற உங்கள் நம்பிக்கை தவறன்று. உரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் குதிரைச் சிலை 2ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டது. ஜப்பானின் காமகுராவில் அமர்ந்திருக்கும் புத்தர் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் வார்க்கப்பட்டவர், மேலே இருந்த மண்டபம் அழிந்தபின் பல நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் இருப்பவர். ஆனால் இவ்விரண்டும் தாமாகவே நின்றுவிடவில்லை. அத்தனை நூற்றாண்டுகளைக் கடந்த உரோமாபுரிச் சிலை, வாகனப் புகையும் ஆலைப் புகையும் கலந்த தற்காலக் காற்றைத் தாங்கமாட்டாமல், 1981இல் சீரமைப்புக்காக இறக்கப்பட்டு, பின்னர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது. சதுக்கத்தில் இன்று நிற்பது அதன் நகல். காமகுரா புத்தரின் கழுத்துப் பகுதியை 1960-61இல் உட்புறத்திலிருந்து வலுப்படுத்தினார்கள். நிலநடுக்கத்தின்போது சிலை பீடத்தின்மேல் சற்று நகர்ந்துகொடுக்கும்படியும் அடிப்பகுதியை அமைத்தார்கள். பழைய வெண்கலம் இன்றும் நிற்கிறது என்றால், அதற்குள் ஆள் இறங்கிப் பார்க்க முடிந்திருக்கிறது, பார்க்கவேண்டும் என்று யாரோ பொறுப்பெடுத்திருக்கிறார்கள் என்றும் பொருள்.

வெளியில் நிற்கும் சிலைக்கு முதல் எதிரி மழையோ புகையோ அல்ல, அதன் வயிற்றுக்குள் இருக்கும் இரும்பு. பெரிய சிலைகள் உள்ளே கூடானவை. சுவரின் கனம் பொதுவாக 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 6 மி.மீ. கனத்தில் ஏறத்தாழ 52 கிலோ உலோகம் பிடிக்கும் என்பதால், இதைவிடத் தடிமனாக வார்ப்பது செலவு மட்டுமன்று. குளிரும்போது தடித்த இடங்களில் சுருக்கக் குழிகளும் துளைகளும் விழும். ஆகவே மெல்லிய சுவரைத் தாங்க உள்ளே ஒரு சட்டம் வைக்கிறார்கள். செலவைக் குறைக்க அதைச் சாதாரண இரும்புக் குழாயில் செய்துவிடுவதில்தான் கேடு தொடங்குகிறது. ஈரம் இருக்கும் இடத்தில் இரும்பும் வெண்கலமும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். அதில் தன்னைக் கரைத்துக்கொள்வது இரும்பு. துரு, தான் தோன்றிய இரும்பைப்போலச் சில மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நெருக்கமான கால்பகுதியில் அந்தத் துரு வீங்கும்போது வெண்கலச் சுவர் உள்ளிருந்து பிளக்கிறது.

இதற்கு உலகறிந்த சான்று நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திரதேவி சிலை. அதன் மேல்தோல் வெண்கலமன்று, 2.4 மி.மீ. அளவேயான செப்புத் தகடு, பாடம் ஒன்றுதான். செம்புக்கும் உள்ளிருக்கும் இரும்புப் பட்டைகளுக்கும் இடையே அரக்கில் தோய்த்த கல்நாரை வைத்துத்தான் 1886இல் நிறுவினார்கள். ஆபத்தை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். காலப்போக்கில் அந்தக் காப்பு சிதைந்து ஈரத்தைத் தேக்கும் பஞ்சாகிவிட்டது. பட்டைகள் துருவேறி வீங்கி, ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. 1984 முதல் 1986 வரை நடந்த சீரமைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே வளைவில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைச் செய்து மாட்டி, இடையில் டெஃப்லான் நாடா ஒட்டவேண்டியிருந்தது.

அவ்வளவு பெரிய சிலைக்குப் போகவேண்டாம். குதிரைமேல் ஒருவர் அமர்ந்திருக்கும் சிலை ஒன்றைப் பழுதுபார்க்க ஒரு நிறுவனம் எங்களை அழைத்தது. பின்னங்காலின் கணுவுக்கு மேல் தலைமுடி அளவு விரிசல். அதிலிருந்து குளம்புவரை செம்பழுப்பாக ஒழுகிய கறை. குளம்பின் அடியில் துளையிட்டதும் துளைக்கருவியை இழுப்பதற்கு முன்பே பழுப்பு நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அடங்கும்வரை காத்திருந்து நுண்கேமராவை உள்ளே செலுத்தினோம். இரும்புக் குழாய் இருந்த இடத்தில் ஏடு ஏடாகப் பிரிந்த துருக்கட்டி. விரலால் தொட்டால் உதிரும் பதம். அதைச் சுற்றி, சிலை கூடாக வருவதற்காக வார்ப்பின்போது உள்ளே கருவாக வைத்த மண், அதாவது கருமண், அப்படியே ஊறிக்கிடந்தது. அதை நீக்காமலே காலை ஒட்டிவிட்டிருந்தார்கள். அந்த மண் ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது வார்ப்புத் தொழிலில் பாலபாடம். வெளியிலிருந்து பார்த்தால் அழகான சிலை; திறப்பு விழாவில் யாரும் குறை கண்டிருக்கவே முடியாது. காலை வெட்டி, உள்ளே சுரண்டி எடுத்து, புதுச் சட்டம் இட்டு மீண்டும் பற்றவைத்ததற்கு ஆன செலவில் முதலிலேயே நல்ல எஃகு வாங்கியிருக்கலாம் என்று அந்த நிறுவனத்தாருக்கு நாங்கள் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

எனவே உங்கள் ஒப்பந்தத்தில் முதலில் வரவேண்டியது உட்சட்டம். அது 316 தரத் துருப்பிடிக்காத எஃகாகவோ சிலைக்கு ஒத்த வெண்கலமாகவோ இருக்கவேண்டும். கடற்காற்று வீசும் இடங்களில் அதே எஃகின் 304 தரம் போதாது. கருமண்ணை முழுவதும் நீக்கவேண்டும். கருவைத் தாங்கிய இரும்பு ஊசிகளைப் பிடுங்கி, அந்தத் துளைகளை வெண்கலத்தால் அடைக்கவேண்டும். இவை நடந்தனவா என்பதைச் சிலையை மூடிய பிறகு பார்க்க முடியாது. ஆகவே கடைசித் துண்டைப் பற்றவைப்பதற்கு முன் உட்புறத்தைப் புகைப்படமெடுத்துத் தரவேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் உங்கள் பொறியாளர் ஒருவர் அன்று பட்டறைக்கு வரட்டும். உட்சட்டமும் வெண்கலச் சுவரும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை என்பதையும் அவர் கணக்கில் கொள்ளவேண்டும். 3 மீட்டர் உயரமுள்ள வெண்கலம் 40 டிகிரி செல்சியஸ் ஏற்றத்தில் 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். சாதாரண இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. நீளும். நாள்தோறும் நடக்கும் இந்தச் சிறு இழுபறி, இறுக்கமாகப் பூட்டிய பற்றவைப்பை மெல்ல மெல்லத் தளர்த்தும்.

அடுத்தது நீர். இது வார்ப்பவரின் பொறுப்பு மட்டுமன்று, சிற்பியின் வடிவமைப்பிலேயே தொடங்குவது. விரித்த புத்தகம், ஏந்திய உள்ளங்கை, தொப்பியின் விளிம்பு, மடியில் விழும் துணியின் மடிப்பு, அமர்ந்திருப்பவரின் தொடைகளுக்கு நடுவே உண்டாகும் பள்ளம் ஆகிய இவையெல்லாம் களிமண் மாதிரியில் கண்ணுக்கு இனியவை, மழைக்காலத்தில் குளங்கள். தேங்கிய நீரில் தூசும் இலையும் பறவை எச்சமும் ஊறி அமிலமாகி, அந்தப் பள்ளத்தின் பூச்சை அரித்து, வழிந்தோடும் பாதையெல்லாம் பச்சைக் கோடு போடும். உறைபனி விழும் ஊர்களில் உள்ளே தேங்கிய நீர் பனிக்கட்டியாகிச் சுவரையே பிளந்துவிடும். திறமையுள்ள சிற்பி புத்தகத்தின் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்த்துவிடுவார். மடிப்பின் கடைசியில் ஒரு நீர்வழியை மறைவாக விட்டுவிடுவார். களிமண் மாதிரியை ஒப்புதலுக்காகப் பார்க்கப் போகும்போது மீசை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே கவனத்தோடு, ஒரு குவளை நீரைத் தலையில் ஊற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்றும் கேளுங்கள். களிமண்ணில் அது அரைமணி நேர வேலை. அச்சு எடுத்தபின் அது வாரக்கணக்கு. வார்த்தபின் அநேகமாக இயலாது.

எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் கூடான சிலைக்குள் ஈரம் போகும். வெப்பம் மாறும்போது காற்றிலுள்ள ஈரமே உட்சுவரில் வியர்த்து ஒழுகும். அதை அடைத்துவிடலாம் என்று முயல்வதைவிட வெளியேற விடுவதே அறிவுடைமை. ஒவ்வொரு காலின் அடியிலும், உள்ளே தாழ்ந்த ஒவ்வொரு குழிவிலும், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வடிதுளை வேண்டும். அதைவிடச் சிறிதாக இட்டால் குளவியோ மண்ணோ ஒரே பருவத்தில் அடைத்துவிடும். பீடத்தின் மேற்பரப்பும் சமதளமாக இல்லாமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வெளிர்நிறச் சலவைக்கல்லிலோ சுண்ணாம்புக்கல்லிலோ பீடம் அமைக்க விரும்புபவர்கள், வெண்கலத்திலிருந்து வடியும் நீர் அதில் பச்சைக் கறையை நிரந்தரமாகப் பதிக்கும் என்பதை அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எடையும் சமநிலையும் பற்றி ஒரு வார்த்தை. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரையைக் கேட்காத குழு அரிது. 1640இல் முடிந்த, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் மத்ரித் சிலையில் சிற்பி பியெத்ரோ தாக்கா இதைச் சாதித்தார்: பின்பகுதியைக் கனமாகவும் முன்பகுதியைக் கூடாகவும் வார்த்து, எடை பின்னங்கால்கள்மேலேயே இறங்கும்படி செய்தார். இந்தக் கணக்குக்குக் கலிலியோவின் ஆலோசனை பெற்றார் என்றும் சொல்லப்படுகிறது. பாவனையை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பொறியியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணவில்லை, நீங்களும் எண்ணாதிருங்கள். நீட்டிய கை, உயர்த்திய வாள், காற்றில் பறக்கும் மேலாடை ஆகியவை காற்றழுத்தத்தையும் தாங்கவேண்டும், அவற்றைப் பிடித்துத் தொங்கப்போகும் இளைஞர்களையும் தாங்கவேண்டும். தொங்குவார்கள், அறிவிப்புப் பலகை வைத்துத் தடுக்க முடியாது.

உலோகத்துக்கு வருகிறேன். வெண்கலம் என்ற ஒரே பெயரில் பல கலவைகள் உண்டு. இன்று சிற்ப வார்ப்பில் பரவலாகப் புழங்கும் சிலிக்கான் வெண்கலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு செம்பு, 4 விழுக்காடு சிலிக்கான், 1 விழுக்காடு மாங்கனீசு. நன்றாக ஓடும், நன்றாகப் பற்றவைக்கலாம். செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, துத்தநாகம் 5 என்ற பழைய கலவை நுண்விவரங்களை அழகாகப் பிடிக்கும். காரீயம் இருப்பதால் பற்றவைப்பது கடினம். இரண்டில் எதுவும் சரியே. சரியல்லாதது, பழைய குழாய்களையும் பித்தளைச் சாமான்களையும் உருக்கி வெண்கலம் என்று ஊற்றுவது. துத்தநாகம் மிகுந்த கலவையிலிருந்து நாளடைவில் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் கடற்பஞ்சுபோல் நின்றுவிடும். எனவே கலவையின் பெயரை ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, ஒவ்வொரு முறை ஊற்றும் உலோகத்திலிருந்தும் ஒரு மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி ஆய்வுக்கு அனுப்புங்கள். சிலை பல துண்டுகளாக வார்க்கப்பட்டே ஒட்டப்படுகிறது. பற்றவைக்கும் கம்பியும் அதே கலவையாக இருக்கவேண்டும். வேறு கம்பியால் ஒட்டிய தையல், தேய்த்து நிறமேற்றிய அன்று தெரியாது. சில ஆண்டுகள் வெயில் பட்டபின் தோளிலும் இடுப்பிலும் வெளிறிய கோடாக எழுந்துவிடும், பிறகு மறைக்கவே முடியாது.

வேலைக்கு ஆகும் காலத்தை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். களிமண் மாதிரி, ரப்பர் அச்சு, மெழுகுப் படி, மெழுகில் திருத்தம், ஊற்றுக் குழாய்கள், அடுக்கடுக்காகத் தோய்த்து உலர்த்தும் பீங்கான் ஓடு, மெழுகை எரித்து வெளியேற்றுதல் ஆகியவற்றுக்குப் பிறகே 1,100 டிகிரிக்கு மேல் உருகிய உலோகம் ஊற்றப்படுகிறது. ஊற்றுவது சில நிமிட வேலை. ஓட்டின் ஒவ்வோர் அடுக்கும் உலரவேண்டும். ஈரத்தோடு அவசரப்பட்டால் ஓடு வெடிக்கும். விழாத் தேதி நெருங்க நெருங்க அவசரத்துக்குப் பலியாவது எப்போதும் உட்புற வேலைதான், ஏனென்றால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

மக்கள் தொடுவதைக் குறையாக நான் கருதவில்லை. தொட அனுமதிக்கும் கலை வெண்கலச் சிற்பம்தான். ஆனால் தொடுவார்கள் என்று தெரிந்தே செய்யவேண்டும். இத்தாலியின் வெரோனாவில் 1972இல் நிறுவிய ஜூலியட் சிலையை இலட்சக்கணக்கானோர் தொட்டுத் தேய்த்ததில் அது தேய்ந்து விரிசலிட்டு, 2014இல் நகலை வைத்துவிட்டு மூலச்சிலையை உள்ளே கொண்டுபோனார்கள். கைக்கு எட்டும் இடங்களில் சுவரைச் சற்றுத் தடிப்பாக வார்க்கலாம். அங்கே நிறம் போய்ப் பளபளப்பு வரும் என்பதை வடிவமைப்பின் பகுதியாகவே ஏற்கலாம். திருட்டு வேறு வகை. 2005 டிசம்பரில் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் 2 டன்னுக்கு மேற்பட்ட படுத்திருக்கும் உருவத்தைப் பாரந்தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய உலோகமாக உருக்கி விற்றிருப்பார்கள் என்றே காவல்துறை முடிவுக்கு வந்தது. அடியிலிருந்து எட்டாதபடி பீடத்துக்குள் ஆழமாக இறக்கி இறுக்கிய எஃகுத் தண்டுகளும், அவற்றின் மரையை வெளியில் தெரியாமல் மூடுவதும் பெரிய செலவன்று. களிமண் மாதிரியின் முப்பரிமாண வருடல் (ஸ்கேன்) கோப்பைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு கை காணாமல்போனால் அதிலிருந்து மீண்டும் செய்யலாம்.

நிறம் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. சிலையின் பழுப்பும் பச்சையும் பெயிண்ட் அல்ல. சூடாக்கிய உலோகத்தின்மேல் கந்தகச் சேர்மங்களையும் இரும்பு நைட்ரேட், செம்பு நைட்ரேட் கரைசல்களையும் தெளித்து, உலோகத்தின் தோலையே மாற்றி உண்டாக்குவது. அதன்மேல் மெழுகு. காப்பில்லாமல் விட்டால், மழை அடிக்கும் பகுதிகள் வெளிர்பச்சையாகக் களிம்பேறும், மறைவான பகுதிகள் கறுத்துப் பொருக்குத் தட்டும். முகத்தில் கண்ணீர்த் தாரை விழுந்ததுபோல் நீங்கள் காணும் கோடுகள் அவையே. கடலருகே உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அமிலத்தை உண்டாக்கி மேலும் செம்பைத் தின்னும். வெளிறிய பச்சைத் தூளாக உதிர்வதைக் கண்டால் அது சாதாரணக் களிம்பன்று, உடனே வல்லுநரை அழைக்கவேண்டிய நோய்.

மெழுகா, அரக்குப் பூச்சா என்ற கேள்வி எழும். அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்த அக்ரிலிக் பூச்சு சில ஆண்டுகள் தாங்கும். ஆனால் அது உரியத் தொடங்கினால் முழுவதையும் கரைப்பானால் நீக்கிப் புதிதாகப் பூசவேண்டும், அது தேர்ந்தவர் வேலை. மெழுகு ஓராண்டுதான் தாங்கும். கடலோரத்தில் ஆண்டுக்கு இருமுறை பூசவேண்டும். இருந்தாலும் என் தேர்வு மெழுகே, ஏனெனில் உங்கள் சொந்தப் பணியாளர்களே கற்றுக்கொண்டு செய்யக்கூடியது அது. மென்மையான சோப்பு நீர், மெல்லிய தூரிகை, நன்றாக அலசுதல், முழுக்க உலர்ந்தபின் மெழுகு, துணியால் தேய்த்தல். ஆளுயரச் சிலைக்கு ஒரு நாள் வேலை. செய்யக்கூடாதவை இன்னும் எளியவை: கம்பித் தூரிகை, மணல் வீச்சு, அம்மோனியா கலந்த பித்தளை மெருகு, உயரழுத்த நீர்ப்பீச்சு, விழாவுக்கு முந்தின நாள் அடிக்கும் தங்கநிறப் பெயிண்ட். இந்தக் கடைசியை நீக்கச் செலவிட்ட மணிநேரங்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பீர்கள். உயரத்தில் இருக்கிறது. சிலையை ஒரு பங்கு உயர்த்தினால் பரப்பு அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 3 மீட்டரை 4 மீட்டராக்கினால் அதே கனத்துக்கு உலோகம் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, பாரந்தூக்கியும் அடித்தளமும் தனி. அந்த ஒரு மீட்டரை விட்டுக்கொடுத்தால் நல்ல எஃகுச் சட்டமும், ஆய்வுச் சான்றும், நெடுங்காலப் பராமரிப்பு நிதியும் அதிலேயே அடங்கும். பராமரிப்பு நிதியை ஆண்டுதோறும் புதிதாக ஒதுக்கலாம் என்று விடாமல், சிலையின் மொத்தச் செலவிலேயே சேர்த்துத் தனிக் கணக்கில் வைத்துவிடுங்கள். குழுக்கள் மாறும், கணக்கு நிற்கும்.

சிலையை ஒப்படைக்கும் நாளில் பட்டறையிடம் ஒரு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கலவையின் ஆய்வுச் சான்று, உட்சட்டத்தின் வரைபடம், மூடுவதற்கு முந்தைய புகைப்படங்கள், வடிதுளைகள் இருக்கும் இடங்கள், பிணைப்புத் தண்டுகளின் விவரம், நிறமேற்றப் பயன்படுத்திய கரைசல்களும் வரிசையும், மெழுகின் வகை ஆகியவை அதில் இருக்கட்டும். முதல் கழுவலையும் மெழுகுப் பூச்சையும் பட்டறைக்காரரே, அதைத் தொடரப்போகும் உங்கள் பணியாளர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்துகாட்டவேண்டும் என்றும், அதற்குப் பிறகே கடைசித் தவணை வழங்கப்படும் என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். எங்களில் பெரும்பாலோர் அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொள்ளத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்குமுன் நீங்கள் மீண்டும் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
வெண்கல வார்ப்புத் தொழிலில் இருக்கும் ஒருவன்